கூட்டில் நாற்பது ஊரி

பெப்ரவரி 3, திங்கள்

மழை விட்டு ஐந்து நாள். வாவி இன்னும் கலங்கல். வாடைக் காற்று, பலமில்லை.

செய்ய வேண்டியவை: அரத்துக்கு எண்ணெய் பூச. நுண்மானி சரி பார்க்க. பூதக்கண்ணாடிக்கு உறை தைக்கச் சொல்ல. மனைவி கண்ணம்மையின் பிரஷர் குளிசை. தபாற்கந்தோர் வேண்டாம். அந்தக் கிளார்க்குடன் இந்த மாதமும் பேசுவதாக இல்லை.

சந்தையில் கேட்டது: மண்முனைத் தோணித்துறை வியாழக்கிழமை திறக்கிறார்களாம். நாலு மாதம் மூடிக் கிடந்தது. இந்தக் கரை ஆமி, அந்தக் கரை இயக்கம். என்னுடைய நாற்பது ஊரி நத்தையும் அந்தக் கரையில், படுவான்கரையில்.

நேற்று கலாநிதி நளினி வந்தார். கெம்பஸில் இப்போது விலங்கியல் படிப்பிப்பவர். வாசலில் செருப்பைக் கழற்றினார், என் ஊரி ஓட்டு டின்களைப் பார்த்துப் “பழைய சாமான்” என்று சொல்லவில்லை. இரண்டு புள்ளி கொடுக்கலாம். மாதக் கடைசியில் ஆய்வரங்காம். பத்தாம் திகதிக்கு முன் நாலு பக்கம் எழுதித் தந்தால் சேர்ப்பாராம். என் பெயரில். முதலில் என் பெயர், பிறகு அவர் பெயர். எட்டாம் வகுப்புப் படித்தவன் பெயர் அந்த ஆய்வரங்குப் புத்தகத்தில் வந்ததில்லை. நன்றி கூறும் கடைசிப் பக்கத்தில் “ஆய்வுகூட ஊழியர்கள்” என்று வந்திருக்கிறேன், ஐந்து முறை.

விஷயத்தைப் பத்து வரியில் சொல்லுங்கள் என்றார். சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிச் சொன்னேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

முகத்துவாரப் பக்கம் உப்பு நீரில் இருக்கும் ஊரிக்கு ஓடு தடிப்பு. படுவான்கரையின் உள்மூலைகளில் உப்புக் குறைந்த நீரில் இருக்கும் ஊரிக்கு ஓடு மெல்லிசு. தடியூரி, மெல்லூரி என்று சனம் சொல்லும். இரண்டும் இரண்டு இனம் என்று, நான் குடுவை கழுவிக் கொடுத்த பேராசிரியர் முப்பத்தொரு வருடத்துக்கு முன் எழுதிப் பட்டம் வாங்கினார். இல்லை, ஒரே இனம், உப்புத்தான் ஓட்டை மாற்றுகிறது என்கிறேன் நான். போன ஜூனில் முகத்துவாரத்துத் தடியூரிக் குஞ்சு நாற்பதைப் பிடித்தேன். கம்பிவலைக் கூட்டில் போட்டுப் படுவான்கரையில், தெரிந்த ஒரு பெண்ணின் வளவுக்குப் பின்னால், தண்ணீரில் இறக்கினேன். அங்கே வளரும் ஓடு மெல்லிசாக வந்தால் நான் சரி. தடிப்பாகவே வந்தால் அவர் சரி. இவ்வளவுதான். இது விளங்கப் பட்டம் தேவையில்லை.

ஆய்வரங்குக்குத் தலைமை அவர்தான். இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். நல்லது. முன்வரிசையில் இருந்து கேட்கட்டும்.

இனி அவரைப் பே. என்று எழுதுவேன். முழுச் சொல்லுக்கு மை வீண்.

பெப்ரவரி 5, புதன்

வெயில். குளிசை வாங்கியாயிற்று. கூப்பன் கடையில் வரிசை, மண்ணெண்ணெய் இல்லை.

மருமகன் மறுபடியும் டின்கள் இருக்கும் அறையைக் கேட்டான். மோட்டார் சைக்கிள் மழையில் நனைகிறதாம். வீடு மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று, அதற்கு முன் கண்ணம்மைக்கு அவள் தாய் எழுதிக் கொடுத்தது. எந்தக் காலத்திலும் என்னுடையதாக இருந்ததில்லை. இந்த ஊரில் ஆண்பிள்ளைக்கு வீடு இல்லை, சரி, அது வழக்கம். ஆனால் அறுபத்திரண்டு பிஸ்கட் டின்னும் என்னுடையவை. அவற்றை வெளியே வைக்க வேண்டுமானால் என்னையும் சேர்த்து வைக்கட்டும் என்றேன். அவன் மகளைப் பார்த்தான். மகள் தேங்காயைப் பார்த்தாள்.

பே. செய்த ஆராய்ச்சிகள், வரிசைப்படி:
ஊரி, இரண்டு வருடம்.
இறால் வளர்ப்பு. இறால்காரருக்கு வெளிநாட்டிலிருந்து நிதி வந்த காலம்.
கண்டல் மரம். கண்டலுக்கு நிதி வந்த காலம்.
நீரின் தரம்.
இப்போது “மோதலும் சூழலும்”. மோதல் நடக்கும் கரைக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை.

நான் செய்தது: ஊரி.

அவர் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான மாஸ்டராக இருந்தபோது நான் அங்கே குடுவை கழுவினேன். தடியூரி ஆறு, மெல்லூரி ஆறு, பன்னிரண்டையும் சந்தை வாசலில் ஒரு கிழவியிடம் வாங்கி வந்தார். பன்னிரண்டை அளந்து இரண்டு இனம் என்று முடிவு கட்டினார். முடிந்ததும் “இதைக் கொட்டிப்போடு” என்றார். நான் கொட்டவில்லை. முதலாவது டின் அதுதான். பிறகு அட்டை கிழிந்த ஒரு ஆங்கிலப் புத்தகம், ஒரு அகராதி, நாளுக்கு அரைப் பக்கம். கெம்பஸ் திறந்து அவர் அங்கே போனபோது என்னையும் கூட்டிப் போனார். கழுவுவதற்கு. அவருக்கு எதிராக இருபத்தைந்து வருடம் அவருடைய குடுவையைக் கழுவினேன்.

வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இரவில் வாவிக்குள் பாட்டுக் கேட்கிறதே, பாடுவது மீனா ஊரியா? எனக்குத் தெரியாது. எனக்கு அக்கறை இல்லை. நான் அளப்பது ஓடு.

பெப்ரவரி 6, வியாழன்

போய் வந்தேன். கால் வீக்கம். இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

துறையில் விடியவே வரிசை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பையைக் கொட்டினான். அரம், நுண்மானி, பூதக்கண்ணாடி, கொப்பி, பாண் துண்டு. இளம் பொடியன், தமிழ் கொஞ்சம் பேசுவான். நுண்மானியைத் திருகிப் பார்த்தான்.

“இது என்னத்துக்கு ஐயா?”

“ஊரி அளக்க.”

“பாட்டுப் பாடுற மீனா?”

“இல்லை.”

மற்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். நுண்மானியை விட்டான். அரத்தையும் பூதக்கண்ணாடியையும் திரும்பி வரும்போது தருவதாக வைத்துக்கொண்டான். கண்ணாடியால் வெயிலில் நெருப்பு மூட்டலாமாம். இவ்வளவு விஞ்ஞானம் தெரிந்தவன் அங்கே இருப்பது புதினம். அரை மணித்தியாலம் சண்டை பிடித்தேன். பின்னால் நின்ற சனம் என்னைத்தான் ஏசியது.

தோணியில் ஒரு பெண், மடியில் அரிசிப் பை, எனக்குக் கேட்கும்படி பக்கத்தவளிடம் சொன்னாள்: “ஐயா ஊரி எண்ணப் போறாராம் கா. நம்மள எண்ணத்தான் ஒருத்தரும் இல்ல.” தோணி முழுக்கச் சிரிப்பு. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெய்வானை துறையில் நின்றாள். ஐம்பது வயது இருக்கும், புருஷன் இல்லை, அத்தாங்கு வலையால் இறால் வடித்து விற்கிறவள். கூட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை இவளிடம் கொடுத்ததற்குக் காரணம், ஏன் என்று கேட்காதவள். மெலிந்திருக்கிறாள். அவள் வீட்டுக்குக் கூரை போய்த் தறப்பாள் கட்டியிருந்தது. கேட்கவில்லை. நேரமில்லை, மூன்று மணிக்குக் கடைசித் தோணி.

கூட்டை இழுத்தோம். எண்ணினேன். நாற்பது.

நாற்பதும் உயிரோடு. எட்டு மாதம், ஒரு மாரி, ஷெல் அடி எல்லாம் கடந்து நாற்பதும். ஒவ்வொன்றின் முதுகிலும் நான் ஜூனில் வைத்த சிவப்புப் பொட்டு, சைக்கிள் பெயின்ற், நேற்று வைத்தது போல் பளபளப்பு. நல்ல பெயின்ற்.

முழங்கால் தண்ணீரில் நின்று முப்பதை அளந்தேன். தெய்வானை எடுத்துத் தந்தாள், நான் எண்ணைச் சொன்னேன், நானே எழுதினேன். ஓட்டின் விளிம்பு மெல்லிசு. மெல்லிசு. மெல்லிசு. நகத்தால் அழுத்தினால் வளைந்துவிடும் போல. முப்பதில் ஏழு மட்டும் தடிப்பு. அது பரவாயில்லை. உயிருள்ள பொருளில் அப்படித்தான்.

மிச்சம் பத்தையும் ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். தெய்வானை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தோணிக்காரன் கூப்பிட்டான். வந்துவிட்டேன்.

நான் சரி.

பெப்ரவரி 8, சனி

இரண்டு நாளாகக் காலை முழுக்க எழுத்து. நாலு பக்கம். தலைப்பு: “மட்டக்களப்பு வாவியின் தடியூரியும் மெல்லூரியும் ஒரே இனம்.” சுற்றி வளைக்கவில்லை.

நளினியின் வீட்டில் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் வாசித்தார். முகம் மலர்ந்தது. பே.க்குச் சொன்னாராம், அவர் “யார், நம்மட ஆய்வுகூடக்காரரா? பாவம், பேசட்டும்” என்றாராம்.

பாவம்.

வரும் வழியில் கண்ணம்மைக்குக் கால் இறாத்தல் கல்கண்டு. ஏன் என்று கேட்டாள். சும்மா என்றேன். குளிசையை மாற்றிக் குடித்துவிட்டீர்களோ என்று கேட்டாள்.

பெப்ரவரி 11, செவ்வாய்

மூட்டம். காற்று இல்லை.

கொண்டுவந்த பத்து ஊரியையும் கொதிக்க வைத்துச் சதை நீக்கிக் கழுவினேன், டின்னில் போட. ஒன்றின் பொட்டு கையோடு உரிந்து வந்தது, வெங்காயத் தோல் போல. சைக்கிள் பெயின்ற் உரியாது. சுரண்ட வேண்டும்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஜூனில் பொட்டு வைக்க முன் ஒவ்வொரு குஞ்சின் ஓட்டு விளிம்பிலும் அரத்தால் ஒரு கீறு போட்டேன். எவ்வளவு பழைய ஓடு, எவ்வளவு புதிய ஓடு என்று அறிய. கீறுக்கு இந்தப் பக்கம் முகத்துவாரம், அந்தப் பக்கம் படுவான்கரை. இந்தக் கீறு பூதக்கண்ணாடிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

பத்தில் ஒன்றிலும் கீறு இல்லை.

ஒன்றிலும் இல்லை.

உரிந்ததை மூக்கில் பிடித்தேன். பெண்பிள்ளைகள் நகத்துக்குப் பூசும் பூச்சு.

செத்துப் போயிருக்கின்றன. செத்தவற்றுக்குப் பதிலாகத் தெய்வானை அங்கே கிடந்த மெல்லூரியைப் பொறுக்கிப் போட்டுப் பொட்டும் வைத்திருக்கிறாள். நான் மெல்லூரியை அளந்து, மெல்லிசு என்று எழுதி, நாலு பக்கம் கொடுத்திருக்கிறேன். குடுவை கழுவத் தொடங்கிய முதல் நாளில்கூட இப்படியொரு பிழை விட்டதில்லை. பூதக்கண்ணாடி இல்லாமல் அளக்கக் கூடாது. அன்று அளந்திருக்கக் கூடாது. சாவடிப் பொடியனில் பிழையில்லை, பிழை அவளில் மட்டுமில்லை, அவசரம் என்னுடையது. அவளிலும் பிழைதான். அதை விடமாட்டேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. கண்ணம்மை விடாமல் கேட்டு வாங்கிவிட்டாள். கேட்டுவிட்டுக் கீரையை ஆய்ந்தபடி சொன்னாள்:

“ஒருத்தருக்கும் தெரியாதுதானே. விட்டுடுங்க. வயசுபோன நேரத்தில ஒரு பேர் வரட்டுமே.”

“எனக்குத் தெரியுமே.”

“உங்களுக்குத் தெரிஞ்சத ஆர் கேட்ட?”

இந்த வீட்டில் இவள்தான் கெட்டிக்காரி. அதுதான் கோபம்.

பெப்ரவரி 12, புதன்

துறைக்குப் போனேன். மூடியிருக்கிறது. காரணம் சொல்லமாட்டார்கள். திரும்பி நடந்தேன். வழியில் கெம்பஸின் பழைய மாணவன் ஒருவன் சைக்கிளை நிறுத்தி, ஊரி பாடுமா சேர் என்று கேட்டான். இப்போது பாங்கில் வேலையாம்.

அவளுக்குச் சொல்ல வேண்டியவை:
1. நம்பினேன்.
2. சாவதில் பிழையில்லை, மறைப்பது பிழை.
3. இனி கூட்டில் கை வைக்க வேண்டாம்.

பெப்ரவரி 14, வெள்ளி

துறை காலை திறந்தது. அதே பொடியன். இந்த முறை கண்ணாடியை என் கையிலேயே தந்தான். “ஐயா இன்னும் பாட்டு வரல்லயா?”

தெய்வானை இறால் காய வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து தறப்பாளுக்குள் போய்ப் பனங்கட்டியும் தேத்தண்ணீரும் எடுத்து வந்தாள். குடிக்கவில்லை. ஆறியது.

“நாப்பதும் இருக்கெண்டு ஏன் சொன்னாய்?”

“நான் எங்க ஐயா சொன்ன? நீங்க எண்ணினீங்க, நாப்பது இருந்துது.”

“செத்ததுக்குப் பதிலாப் போட்டாயா?”

“ஓம்.”

“எத்தினை?”

“முப்பத்து மூண்டு.”

கணக்குச் சரியாக வைத்திருக்கிறாள். அது இன்னும் கோபத்தைக் கூட்டியது. நம்பர் ஒன்று, நம்பர் இரண்டு எல்லாம் சொன்னேன். சத்தம் போட்டேன். பக்கத்து வளவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வேலையை ஒப்படைத்தால் இப்படியா, என் பேரைக் கெடுத்தாயே என்றேன். தலை குனிந்து கேட்டாள், கேட்டாள், பிறகு நிமிர்ந்தாள்.

நவம்பரில் ஷெல் விழத் தொடங்கியதும் ஊரோடு ஓடிப்போய் உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள் இருந்திருக்கிறார்கள். திரும்பி வந்தால் கூரை இல்லை. ஆடு இரண்டும் இல்லை. கூடு கவிழ்ந்து சேற்றில் கிடந்தது, ஏழுதான் உயிர்.

“என்ட ஆட்டத் தேடிப் போகல்ல ஐயா, உங்கட ஊரியத்தான் தேடினன். மாரித் தண்ணிக்குள்ள ரெண்டு நாள். நாப்பது எண்டு எண்ணித் தந்துட்டுப் போனீங்க. நாப்பது இல்லாட்டி நீங்க மறுகா வரமாட்டீங்க எண்டு நினைச்சன்.”

“வராட்டி என்ன?”

“இந்தக் கரைக்கு வேற ஆர் வாறாங்க?”

பூச்சு யாருடையது என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவளுடைய மகள் வைத்துவிட்டுப் போனதாம். முப்பத்து மூன்று பொட்டோடு தீர்ந்துவிட்டதாம். மகள் எங்கே போனாள் என்று அந்தக் கரையில் கேட்பதில்லை.

தேத்தண்ணீரைக் குடித்தேன்.

புறப்படும்போது, சும்மா ஏச்சுக்காக, செத்த ஓடுகளை எந்தக் குப்பையில் எறிந்தாய் என்று கேட்டேன்.

“எறியிறதா? உங்கட சாமானெல்லோ.”

இறப்பில், தறப்பாளின் தாழ்ந்த விளிம்பில், செருகி வைத்திருந்த பால்மா டின்னை இழுத்தாள். உள்ளே முப்பத்து மூன்று. சைக்கிள் பெயின்ற். ஒன்றைத் துடைத்துக் கண்ணாடியில் பிடித்தேன். கீறு இருந்தது. கீறுக்கு அந்தப் பக்கம், ஜூன் தொடக்கம் நவம்பர் வரை வளர்ந்த ஓடு, அரை நகக்கண் அகலம்.

அங்கே வைத்து அளக்கவில்லை. ஒரு முறை செய்த பிழை போதும். முப்பத்து மூன்று ஓட்டையும் பைக்குள் கொட்டிக்கொண்டேன். கூட்டில் கீறு உள்ள ஏழு ஊரியை மட்டும் பிரித்தெடுத்து அவளுடைய சட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தேன். சட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள்.

பெப்ரவரி 15, சனி

காலை ஆறு தொடக்கம் மத்தியானம் வரை. மருமகன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கதவைச் சாத்தினேன்.

முப்பத்து மூன்று செத்த ஓடு. ஏழு உயிருள்ளது. ஒவ்வொன்றிலும் கீறுக்கு முன், கீறுக்குப் பின். இரண்டு அளவு.

பின்னால் வளர்ந்ததும் தடிப்பு. முன்னதற்குக் குறைவில்லாத தடிப்பு.

மறுபடியும் அளந்தேன். நுண்மானியைத் துடைத்து மூன்றாம் முறை அளந்தேன். நாற்பதில் ஒன்றுகூட எனக்காகச் சொல்லவில்லை. அன்று முப்பதில் தடிப்பாக இருந்த ஏழும் இந்த ஏழுதான். “உயிருள்ள பொருளில் அப்படித்தான்” என்று எழுதியிருக்கிறேன். மேலே இருக்கிறது, வெட்டமாட்டேன்.

ஐந்து மாதம், எட்டு மாதம் உப்புக் குறைந்த நீரில் கிடந்தும் தடியூரி தடியூரியாகவே வளர்ந்திருக்கிறது. உப்பு இல்லை. இரண்டு இனம்.

கண்ணம்மை சோறு வைத்துக்கொண்டே: “இப்ப என்ன, அந்தாள் சொன்னதா சரி?”

“ஓம்.”

“அப்ப முப்பது வருசமா என்னோட சண்டை பிடிச்சது?”

“உன்னோட இல்ல.”

“என்னோடயும்தான்,” என்றாள். குழம்பை ஊற்றினாள். நல்ல குழம்பு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், அதற்கும் ஒரு பார்வை.

பெப்ரவரி 17, திங்கள்

வெயில் சுடுகிறது. கெம்பஸ் பஸ்ஸில் நின்றபடி.

நளினியிடம் நாலு பக்கத்தையும் திருப்பிக் கேட்டேன். நடந்ததைச் சொன்னேன், தெய்வானையின் பெயரைச் சொல்லவில்லை. முகம் கறுத்துவிட்டது. இந்த முறை விட்டுவிடலாம், அடுத்த வருடம் பார்க்கலாம், சேரின் பிரியாவிடையில் ஏன் ஒரு குழப்பம் என்றார். விடமுடியாது என்றேன். புதிதாக எழுதிய இரண்டு பக்கத்தைக் கொடுத்தேன். தலைப்பு: “மட்டக்களப்பு வாவியின் தடியூரியும் மெல்லூரியும் இரண்டு இனம்.” பத்தாம் திகதி போய்விட்டது என்றார். அப்படியானால் தலைப்பில் ஒரு சொல்தான் மாறுகிறது, அச்சுக்காரனிடம் நான் பேசுகிறேன் என்றேன். பேச விடவில்லை, தானே பேசுவதாகச் சொன்னார்.

அந்த நேரம் பே. உள்ளே வந்தார். மெலிந்து, தலை முழுக்க வெள்ளை, கையில் அழைப்பிதழ்க் கட்டு. சுகம் விசாரித்தார். நளினி என் பக்கங்களைக் காட்டி, சேர், உங்கட பழைய முடிவை இவர் நிறுவியிருக்கிறார் என்றார்.

“என்ன முடிவு?”

“ஊரி ரெண்டு இனம் எண்டது.”

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“ரெண்டெண்டா எழுதினன்? ஒண்டெண்டெல்லோ நினைச்சன். எந்தக் காலத்துக் கதை கா அது.”

அழைப்பிதழ் ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போனார்.

பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தது, ஒருவன் எழும்பி இடம் தந்தது, நான் ஏசியது, ஒன்றும் சரியாக நினைவில்லை. வீட்டுக்கு வந்து முதலாவது டின்னைத் திறந்து அந்தப் பன்னிரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தேன்.

அவர் சொன்னது சரி. அவருக்கு அது தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பன்னிரண்டைப் பார்த்துச் சொன்னார், சொல்லிவிட்டு மறந்துவிட்டார். தெரிந்தவன் நான்.

பெப்ரவரி 20, வியாழன்

படுவான்கரை. சட்டியைக் கொடுத்தாயிற்று. புதிய கூடு, புதிய தடியூரிக் குஞ்சு இருபது, பழைய ஏழு. ஓடு தடிப்பாகவே வளர்கிறது, சரி. ஆனால் அந்த முப்பத்து மூன்றும் ஏன் செத்தன? கூடு கவிழ்ந்தா? மாரித் தண்ணீரில் உப்புப் போயா? தடியூரி ஏன் உள்மூலைகளில் இல்லை என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. கவனிக்காமல் விட்டுவிட்டேன், முப்பத்தொரு வருடமாகத் தடிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு.

மூன்றாம் நம்பர் ஏச்சைத் திரும்பப் பெற்றதாகத் தெய்வானைக்கு நான் சொல்லவில்லை. கூட்டை அவள் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். ஒரு எண்பது பக்கக் கொப்பியும் பென்சிலும் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள், எழுத்து உருண்டை உருண்டையாக வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்க்க வேண்டும், செத்தால் எடுத்து வைத்து எழுத வேண்டும், பதிலுக்கு ஒன்றும் போடக் கூடாது என்றேன்.

“எல்லாம் செத்தாலும் வருவீங்களா?”

“செத்தாத்தான் கட்டாயம் வரவேணும்,” என்றேன்.

பெப்ரவரி 28, வெள்ளி

ஆய்வரங்கு. எட்டு நிமிடம் தந்தார்கள். ஏழில் முடித்தேன். பிழையாக அளந்த கதையையும் சொன்னேன். பின்வரிசையில் சிரிப்பு. பே. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மாலை போடும் நேரம் நெருங்கிவிட்டது.

கேள்வி ஒன்றே ஒன்று. விவசாயபீடத்துக் கண்ணாடிக்காரர்: “அப்ப ஐயா, பாடுறது இதில எந்த ஊரி?”

புத்தகத்தில் என் பெயர் முதலாவதாக இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழை. நளினி மன்னிப்புக் கேட்டார். கண்ணம்மை அந்தப் பக்கத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

வெயில். வாவி தெளிவு. மூன்று தோணி விட்டு நாலாவதில் இடம்.

தெய்வானை இறாலுக்குப் போய்விட்டாள். கொப்பி இறப்பில் செருகியிருந்தது, பால்மா டின்னுக்குப் பக்கத்தில். நின்றபடி வாசித்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதியிருக்கிறாள். நேரம் போடவில்லை. வந்ததும் ஏச வேண்டும். முதல் நாலு நாளும் “27 இருக்கு.” ஐந்தாவது நாள்: “26 இருக்கு. ஒண்டு செத்துட்டு. கூடு கவிழல்ல. ஷெல் விழல்ல. காரணம் தெரியாது.”

அந்தக் கடைசி இரண்டு சொல்லை முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஆய்வுகூடக் கொப்பியிலும் நான் கண்டதில்லை.